சக் வாகன் கேங்

சக் வாகன் கேங் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் 1935-ல் உருவான குடும்ப இசைக்குழு. தந்தை, மகன், இரு மகள்கள் என நால்வர் பாடிய இக்குழு, பின்னாளில் சதர்ன் காஸ்பல் என்று பெயர்பெற்ற தென்மாநில நற்செய்தி இசையின் முன்னோடிகளில் ஒன்று. ஒரே ஒரு கிதாரின் துணையுடன் நான்கு குரல்கள் பாடும் எளிய முறையை இக்குழு சுமார் நாற்பது ஆண்டுகள் பெரிய மாற்றமின்றித் தொடர்ந்தது. கொலம்பியா நிறுவனத்துக்காக 1936 முதல் 1975 வரை நானூறுக்கும் மேற்பட்ட பாடல்களைப் பதிவு செய்தது. மாறாத தன்மையே இக்குழுவின் சாதனையாகவும் குறையாகவும் சொல்லப்படுகிறது.

குடும்பப் பின்னணி

குழுவைத் தொடங்கியவர் டேவிட் பார்க்கர் கார்ட்டர். டி.பி. கார்ட்டர் என்றும், ரசிகர்களால் 'டாட்' கார்ட்டர் என்றும் அழைக்கப்பட்டார். 1889-ல் கென்டக்கி மாநிலத்தில் பிறந்தார். குடும்பம் டெக்சஸுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே ஒரு பாடல் பள்ளியில் கேரி புரூக்ஸ் என்ற பெண்ணைச் சந்தித்து 1909-ல் மணந்துகொண்டார். இவர்களின் பிள்ளைகள் வீட்டிலேயே நான்கு குரல்களில் பாடப் பழகினர். அது தொழிலுக்கான பயிற்சியாகத் தொடங்கியதல்ல. அக்காலத்தில் தென்மாநிலக் கிராமக் குடும்பங்களில் மாலை நேரப் பொழுதுபோக்கும் வழிபாடும் பாட்டாகவே இருந்தன.

1930-களின் பொருளாதார நெருக்கடியில் இக்குடும்பம் பருத்தி பறிக்கும் கூலிவேலையில் வாழ்ந்தது. மேற்கு டெக்சஸில் வறட்சியும் புழுதிப்புயலும் சேர்ந்துகொண்ட காலம் அது. 1935-ல் மகள் எஃபி நோயுற்றபோது மருந்துக்குப் பணமில்லாமல் டி.பி. கார்ட்டர் லபக் நகரின் கேஎஃப்ஒய்ஓ வானொலி நிலையத்துக்குச் சென்று பாட வாய்ப்பு கேட்டார் என்று குடும்பத்தார் நினைவுகூர்ந்துள்ளனர். நிலையம் வேலை கொடுத்தது. கார்ட்டர் குவார்ட்டெட் என்ற பெயரில் குடும்பம் வானொலியில் பாடத் தொடங்கியது.

இக்குழுவை வர்ஜீனியா மாநிலத்தைச் சேர்ந்த புகழ்பெற்ற கார்ட்டர் ஃபேமிலி குழுவுடன் குழப்பிக்கொள்வது உண்டு. ஏ.பி. கார்ட்டர், சாரா, மேபெல் ஆகியோர் 1927-ல் பதிவு செய்யத் தொடங்கிய அக்குழுவுக்கும் டெக்சஸ் கார்ட்டர்களுக்கும் உறவில்லை.

வடிவச்சுர மரபு

சக் வாகன் கேங்கின் இசையைப் புரிந்துகொள்ள, தென்மாநிலங்களின் பாடல் பள்ளி மரபை அறிய வேண்டும். இம்மரபில் ஏழு சுரங்களுக்கும் ஏழு வெவ்வேறு வடிவங்கள் உண்டு. முக்கோணம், சதுரம், வட்டம் என்று சுரத்தின் தலை வடிவத்தைப் பார்த்தே அது எந்தச் சுரம் எனக் கண்டுகொள்ளலாம். இதனால் முறையான இசைக்கல்வி இல்லாத உழவர்களும் நான்கு குரல் பாடல்களை ஏட்டைப் பார்த்துப் பாட முடிந்தது. ஊர் ஊராகச் செல்லும் ஆசிரியர்கள் சில நாட்கள் அல்லது சில வாரங்கள் தங்கி இம்முறையைக் கற்பித்தனர்.

இதன் பின்னால் ஒரு பதிப்புத் தொழிலும் இருந்தது. டென்னசி மாநிலத்தின் ஜேம்ஸ் டி. வான், டல்லஸ் நகரின் ஸ்டாம்ப்ஸ்-பாக்ஸ்டர், ஆர்கன்சா மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்ட் முதலிய நிறுவனங்கள் மலிவு விலையில் புதிய பாடல் தொகுப்புகளை வெளியிட்டன. வான் 1910-ல் சம்பளத்துக்கு ஒரு நால்வர் குழுவை அமர்த்தித் தன் நூல்களை விற்க ஊர்களுக்கு அனுப்பினார். அன்று முதல் நான்கு ஆண்களும் ஒரு பியானோவும் என்பது தொழில்முறை நற்செய்திக் குழுவின் வழக்கமான அமைப்பாக ஆயிற்று. ஸ்பியர் ஃபேமிலி போன்ற சில குடும்பக் குழுக்களில் மட்டும் பெண்கள் பாடினர்.

கார்ட்டர் குடும்பமும் இப்பாடல் நூல்களில் பயின்றதுதான். ஆனால் அவர்களிடம் பியானோ இல்லை, நான்கு ஆண்களும் இல்லை. கையில் இருந்தது கிதார். வீட்டில் இருந்தவர்கள் இரு ஆண்கள், இரு பெண்கள். வறுமையும் குடும்ப அமைப்பும் தீர்மானித்த இந்தச் சேர்க்கையே பிற்காலத்தில் குழுவின் தனி அடையாளமாக ஆயிற்று.

வானொலிக் காலம்

1936-ல் குடும்பம் ஃபோர்ட் வொர்த் நகரின் டபிள்யூபிஏபி நிலையத்துக்கு மாறியது. பியூலி மில்ஸ் என்ற மாவு நிறுவனம் அவர்களின் நிகழ்ச்சிக்கு விளம்பரதாரர் ஆனது. அந்நிறுவனம் ஏற்கனவே ஒரு கௌபாய் குழுவுக்கு வைத்திருந்த பெயர் சக் வாகன் கேங். மாட்டுமந்தை ஓட்டுபவர்களுடன் செல்லும் சமையல் வண்டிக்குச் சக் வாகன் என்று பெயர். மாவு விற்கப் பொருத்தமான அப்பெயர் கார்ட்டர் குடும்பத்துக்கு வந்துசேர்ந்தது. வானொலிக்காக மகன் எர்னஸ்ட் ஜிம் ஆனார். லோலா ரோஸ் ஆனார். எஃபி அன்னா ஆனார்.

பெயருக்கேற்பத் தொடக்கத்தில் அவர்கள் கௌபாய் பாடல்களையும் பழைய நாட்டுப்பாடல்களையும் பாடினர். பக்திப்பாடல் நிகழ்ச்சியின் ஒரு பகுதி மட்டுமே. நேயர்கள் அதையே அதிகமாகக் கேட்டதால் சில ஆண்டுகளில் மற்றவை குறைந்து, குழு முழுமையாக நற்செய்திப் பாடல்களுக்கு மாறியது. கௌபாய் வண்டியின் பெயர் மட்டும் எஞ்சியது. இரண்டாம் உலகப்போரின் காலத்தில் குழுவின் பணி தடைபட்டது. போருக்குப் பின் மீண்டும் வானொலிக்குத் திரும்பினர்.

ஒலிப்பதிவுகள்

குழுவின் முதல் ஒலிப்பதிவு 1936 நவம்பர் மாதம் சான் அன்டோனியோ நகரின் கன்டர் ஹோட்டலில் நடந்தது. அமெரிக்கன் ரெக்கார்ட் கார்ப்பரேஷன் என்ற நிறுவனம் ஹோட்டல் அறையில் கருவிகளை வைத்து அவ்வட்டாரப் பாடகர்களை வரிசையாக அழைத்துப் பதிவு செய்துகொண்டிருந்தது. அதே வாரம் அதே ஹோட்டலில் தன் முதல் பதிவுகளைச் செய்தவர் கறுப்பின ப்ளூஸ் கலைஞரான ராபர்ட் ஜான்சன். மெக்சிகப் பாடகர்களும் அங்கு பதிவு செய்தனர். ஒரே கூரையின் கீழ், ஒரே கருவிகளில் பதிவான இந்த இசைகள் நிறத்தின்படி பிரிக்கப்பட்ட வெவ்வேறு வரிசைகளில் வெவ்வேறு வாடிக்கையாளர்களுக்கு விற்கப்பட்டன.

1938-ன் இறுதியில் அந்நிறுவனத்தை சிபிஎஸ் வாங்கியபின் குழுவின் தட்டுகள் கொலம்பியா குடும்பத்தின் பெயர்களில் வெளிவந்தன. 1948-ல் பதிவான 'ஐ'ல் ஃப்ளை அவே' குழுவின் புகழ்பெற்ற பாடல்களில் ஒன்று. அதை இயற்றிய ஆல்பர்ட் இ. பிரம்லி ஓக்லஹோமாவின் பருத்திக் காட்டில் வளர்ந்தவர். பாடல் 1932-ல் ஹார்ட்ஃபோர்ட் தொகுப்பில் அச்சானது. சக் வாகன் கேங்குக்கு முன்பே செலா ஜூபிலி சிங்கர்ஸ் என்ற கறுப்பினக் குழு அதைப் பதிவு செய்திருந்தது. கேட்பவர்கள் பிரிந்திருந்தாலும் பாடல்கள் அந்த எல்லையைக் கடந்து சென்றுகொண்டிருந்தன என்பதற்கு இது ஒரு சான்று.

பாடும் முறை

குழுவின் பாடல்கள் பெரும்பாலும் ஒரே வகையில் அமைந்தவை. கிதார் சில கணங்கள் சுருதி காட்டும். உடனே நான்கு குரல்களும் நுழையும். ரோஸ் சொப்ரானோவில் மெட்டைப் பாடுவார். அன்னாவின் ஆல்ட்டோ அதற்குக் கீழே நெருங்கி ஒட்டிச் செல்லும். தந்தையின் டெனரும் ஜிம்மின் பேஸும் இரு புறமும் தாங்கும். பல்லவியில் மேல்குரல்கள் ஒரு சொல்லை நீட்டிப் பிடிக்கும்போது கீழ்க்குரல் அதே சொற்களை விரைந்து திருப்பிச் சொல்லும். பாடல் பள்ளி நூல்களில் எல்லாக் குரல்களுக்கும் வேலை இருக்க வேண்டும் என்பதற்காக உருவான உத்தி இது. கார்ட்டர் குடும்பத்தில் அது ஓர் உரையாடலைப் போல ஒலிக்கிறது.

இக்குரல்களில் நடுக்கமோ அலங்காரமோ மிகக் குறைவு. ஒலியை ஏற்றி இறக்கி உணர்ச்சியை உண்டாக்கும் முயற்சி இல்லை. தாளம் தொடக்கத்திலிருந்து இறுதிவரை ஒரே சீராகச் செல்லும். யாரும் தனியாக முன்வந்து தன் திறனைக் காட்டுவதில்லை. அன்றைய ஆண்கள் நால்வர் குழுக்கள் மிக ஆழமான பேஸ் குரலையும் மிக உயர்ந்த டெனர் குரலையும் போட்டியாக முன்வைத்துக் கைத்தட்டல் பெற்றன. கார்ட்டர்கள் அந்த வழியில் செல்லவில்லை.

இந்த அடக்கம் வானொலிக்குப் பொருந்தியது. மேடையில் பாடுபவர் தொலைவில் உள்ளவருக்காகக் குரலை உயர்த்துகிறார். ஒலிவாங்கியின் முன் நிற்பவர் ஒரு அறைக்குள் இருப்பவரிடம் பேசுகிறார். கார்ட்டர்கள் வீட்டில் பாடியதைப் போலவே பாடினர். கேட்டவர்களும் தங்கள் வீடுகளில்தான் இருந்தனர். அவர்களில் பலர் அதே நூல்களைக் கொண்டு அதே பாடல்களைப் பாடுபவர்கள். ஆகவே இப்பதிவுகளுடன் சேர்ந்து பாட முடியும் என்பது அவற்றின் முக்கியமான இயல்பு. திறன் மிகுந்த கலைஞரை வியக்கும் ரசனை அல்ல இது, தன் குரலுக்கும் அதில் ஓர் இடம் உண்டு என உணரும் ரசனை.

ஆனால் எளிமை என்ற சொல் இங்கே தவறாகப் பொருள்படக்கூடும். நான்கு குரல்களும் ஒரே இடத்தில் மூச்செடுக்கின்றன. ஒவ்வொரு சொல்லின் உயிரெழுத்தையும் ஒரே அளவில் விரிக்கின்றன. கிதாரைத் தவிர வேறு துணை இல்லாததால் ஒருவர் சுருதி விலகினாலும் மறைக்க இடமில்லை. ஒரே வீட்டில் ஒரே உச்சரிப்பில் வளர்ந்தவர்கள் பல ஆண்டுகள் சேர்ந்து பாடியதால் கிடைத்த துல்லியம் அது.

மேடைக் காலம்

பதிவுகள் தொடங்கி ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள்வரை குழு வெளியூர் மேடைகளில் பெரிதாகப் பாடவில்லை. 1948-ல் வாலி ஃபவுலர் நாஷ்வில்லின் ரைமன் அரங்கில் விடியவிடியப் பாடும் ஆல்-நைட் சிங் நிகழ்ச்சிகளைத் தொடங்கினார். அவை பல நகரங்களுக்குப் பரவின. 1950-களின் தொடக்கத்தில் சக் வாகன் கேங்கும் அம்மேடைகளுக்கு வந்தது. குரலாக மட்டும் அறிந்தவர்களை நேரில் காணப் பெருங்கூட்டம் கூடியது. நாக்ஸ்வில்லைச் சேர்ந்த வானொலிப் போதகர் ஜே. பாசல் மல் இக்குழுவின் தட்டுகளைத் தன் நிகழ்ச்சியில் தொடர்ந்து ஒலிபரப்பி அஞ்சல்வழி விற்றார். தென்கிழக்கு மாநிலங்களில் குழுவின் புகழ் பரவியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

மேடை ஒரு சிக்கலையும் கொண்டுவந்தது. மற்ற குழுக்கள் நகைச்சுவை சொல்லின. பியானோக் கலைஞர்கள் வேகம் காட்டினர். கார்ட்டர்களோ ஒலிவாங்கியைச் சுற்றி நின்று ஒரு பாடலுக்குப் பின் மறுபாடலைப் பாடினர். அன்னாவின் கணவர் ஹோவர்ட் கார்டன் கிதார் கலைஞராகச் சேர்ந்து மின்கிதாரை வாசித்தார். இது ஒலியில் நிகழ்ந்த குறிப்பிடத்தக்க மாற்றம். ஆனால் கிதார் இப்போதும் குரல்களைத் தாண்டிச் செல்லவில்லை.

குடும்பமும் குழுவும்

1950-களின் முதற்பாதியில் ஜிம் விலகினார். தம்பி ராய் கார்ட்டர் பேஸ் குரலுக்கு வந்தார். 1955-ல் தந்தை ஓய்வு பெற்றார். 1963-ல் மறைந்தார். பிற உடன்பிறந்தவர்களும் வெவ்வேறு காலங்களில் குழுவில் பாடினர். 1960-களில் ரோஸ் விலகினார். ஹோவர்ட் கார்டன் 1967-ல் மறைந்தார். அன்னா பின்னர் லூசியானாவின் முன்னாள் ஆளுநரும் பாடகருமான ஜிம்மி டேவிஸை மணந்தார். மூல நால்வரின் குரல் இவ்வாறு ஒவ்வொன்றாக நீங்கியது.

அதன் பின் குழுவை நெடுங்காலம் வழிநடத்தியவர் ராய் கார்ட்டர். அவர் 1997-ல் மறைந்தார். வெளியாட்கள் பலர் குழுவில் இணைந்தனர். பிற்காலத்தில் அன்னாவின் பேத்தி ஷே ஸ்மித் ஆல்ட்டோ குரலில் பாடிக் குழுவைத் தொடர்ந்தார். கொலம்பியாவுடனான உறவு 1975-ல் முடிந்தபின்னும் பெயரும் பாடும் முறையும் நீடித்தன.

விமர்சனங்கள்

குழுவின் மீது வைக்கப்படும் முதல் குறை, நாற்பது ஆண்டுப் பதிவுகளும் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன என்பது. இது பெருமளவு உண்மை. தொடர்ந்து இருபது பாடல்களைக் கேட்பவர் ஒரு கட்டத்தில் பாடலையும் பாடலையும் பிரித்தறிய முடியாமல் போகக்கூடும். துயரப் பாடலும் மகிழ்ச்சிப் பாடலும் ஒரே தாளத்தில் செல்கின்றன. தாயின் மரணமும் விண்ணுலக நுழைவும் ஒரே அமைதியான முகத்துடன் பாடப்படுகின்றன. பாடலின் பொருளுக்கேற்ப முறையை மாற்றும் கலை இவர்களிடம் இல்லை.

எனினும் முதல் பதினைந்து ஆண்டுப் பதிவுகளில் அந்தச் சீரான தன்மைக்கு ஓர் அர்த்தம் இருந்தது. நெருக்கடிக் காலத்தில் பயிரும் கூலியும் நிச்சயமின்றி இருந்தவர்களுக்கு, குறித்த நேரத்தில் மாறாமல் வரும் ஒரு குரல் ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். துயரத்தை நடித்துக் காட்டாமல் பாடியது, துயரத்தை அன்றாடமாக வாழ்ந்தவர்களின் நடத்தைக்கு நெருக்கமானது. பிற்காலப் பதிவுகளில் அதே முறை தொடர்ந்தாலும் அந்த அவசியம் குறைந்துவிட்டது. தேவையால் உருவான ஒலி, பெயரைக் காப்பாற்றுவதற்கான ஒலியாக மாறியது.

இரண்டாவது குறை, இப்பாடல்கள் இவ்வுலகத் துன்பங்களுக்கு மறுவுலகத்தை மட்டுமே பதிலாகக் காட்டுகின்றன என்பது. பருத்திக் கூலிகளாக வாழ்ந்தவர்களின் பாடல்களில் பருத்தியோ கூலியோ நில உடைமையாளரோ இல்லை. நிறப்பாகுபாடு சட்டமாக இருந்த மாநிலங்களில் பாடிய குழு அதைப்பற்றி எதுவும் பாடவில்லை. வெள்ளையினக் கேட்பவர்களுக்கென்று வளர்ந்த இவ்விசைத்துறை முழுவதற்கும் பொருந்தும் குற்றச்சாட்டு இது. பிரம்லியின் பாடலைக் கறுப்பின மக்கள் பாடும்போது பறந்து செல்லுதல் என்பதற்கு விடுதலை என்ற பொருளும் கூடுகிறது. கார்ட்டர்களின் பதிவில் அது இறப்புக்குப் பின் வரும் ஓய்வாக மட்டுமே நிற்கிறது. அந்த ஓய்வின் விருப்பம் உண்மையானது, ஆனால் அதன் எல்லை குறுகியது.

மூன்றாவது கேள்வி, குடும்பத்தினர் நீங்கியபின் அது அதே குழுதானா என்பது. முறையைக் கற்றுக்கொள்ள முடியும். சுரமும் மூச்சும் பயிற்சியால் வரும். பாடல் பள்ளி மரபே கற்றுக்கொடுக்க முடியும் என்ற நம்பிக்கையில் எழுந்தது. ஆகவே வெளியாட்கள் பாடியதைப் போலி என்று ஒதுக்க முடியாது. ஆனால் தந்தையும் மகளும் ஒரே சொல்லை ஒரே விதமாக உச்சரிப்பதில் உள்ள நெருக்கம் பயிற்சியால் கிடைப்பதில்லை. முந்தையது வாழும் பழக்கம் என்றால் பிந்தையது மதிப்புக்குரிய பாதுகாப்புப் பணி.

இசை இடம்

சக் வாகன் கேங் புதிய இசை வடிவம் எதையும் உருவாக்கவில்லை. கிராமத்துப் பாடல் பள்ளியில் உருவான ஒரு கூட்டுக்கலையை, தொழில்முறை மேடை அதை மாற்றுவதற்கு முன்பிருந்த நிலையில் பதிவு செய்தது. ஆண்கள் நால்வர் குழுக்களின் துறையில் பெண்குரல்களை மையத்தில் நிறுத்தியது. பியானோ இல்லாத ஏழை வீடுகளின் ஒலிக்கு ஒரு பெரிய ஒலிப்பதிவு நிறுவனத்தில் இடம்பெற்றுத் தந்தது. பிற்கால நாட்டுப்புற இசையிலும் புளூகிராஸ் நற்செய்திப் பாடல்களிலும் ஒற்றைக் கருவியுடன் நெருங்கி ஒலிக்கும் குரல்களைக் கேட்கும்போது இம்முறையின் தொடர்ச்சியை உணரலாம்.

குழுவை முதன்முறையாகக் கேட்பவர்கள் 1936 முதல் 1948 வரையிலான பதிவுகளிலிருந்து தொடங்குவது பொருத்தமானது. மாவு விளம்பரத்துக்காகப் பெயர் மாற்றப்பட்ட நால்வர், நோயுற்ற பிள்ளைக்கு மருந்து வாங்கத் தொடங்கிய வேலையை, வீட்டில் பாடிய அதே குரலில் செய்திருப்பதை அப்பதிவுகளில் கேட்கலாம். பிற்காலப் பதிவுகள் அந்த ஒலியை நினைவுபடுத்துகின்றன. தொடக்காலப் பதிவுகளில் அது நிகழ்கிறது.